வீட்டுத் தோட்டத்துச் சூரியகாந்தியும் அதற்கிடும் ஊட்டமும்

ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் திருவனந்தபுரத்திலிருந்தும் கொல்லத்திலிருந்தும் புறப்படும் கார்களும் பேருந்துகளும் ஆரியங்காவு வழியாகச் செங்கோட்டைக் கணவாயைக் கடந்து தென்காசிச் சீமைக்கு விரைகின்றன. குற்றாலத்துச் சாரல் அதற்கு ஒரு காரணம். மற்றொரு காரணம், சுந்தரபாண்டியபுரம், சாம்பவர் வடகரை, சுரண்டை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த நிலங்களில் அக்காலத்தில் மலர்ந்து நிற்கும் சூரியகாந்தி. பொன்னைக் காய்ச்சி ஊற்றினாற் போன்ற அவ்வயல்களைக் கண்டு, படம் பிடித்துக்கொண்டு திரும்புவோரில் பலர் ஒரு பிடி விதையையும் கையோடு கொண்டுவருகின்றனர். கரமனையிலும் பூஜப்புரையிலும் நேமத்திலும் வீட்டு முற்றங்களில் இம்மலர் தலைகாட்டுவதற்கு இவ்வாறு வந்த விதையே பெரும்பாலும் காரணமாகும்.

அவ்வாறு வந்த செடி எவ்வாறு வளர்கிறது என்பதே இங்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள். முளைப்பதில் குறையில்லை. தண்டு ஆள் உயரம் போகிறது. இலையும் அகன்று, கரும்பச்சையாகத் தழைக்கிறது. ஆனால் பூவோ கைக்கடக்கமாகச் சிறுத்தோ, ஒருபுறம் கோணியோ வருகிறது. பூ நன்றாக வந்தாலும் விதையை உரித்துப் பார்த்தால் பாதிக்குமேல் பதராக இருக்கிறது. சில செடிகளில் பூவின் கழுத்து குறுக்கே வெடித்து, தலை தனியே தொங்கிவிடுகிறது. வீட்டுக்காரர் இதைக் கண்டதும் செடிக்கு ஊட்டம் போதவில்லை என்று முடிவு செய்கிறார். மேலும் ஒரு பிடி உரத்தை அள்ளி வைக்கிறார். செடி மேலும் தழைக்கிறது. பூ மேலும் சிறுக்கிறது. இங்கே குறை ஊட்டத்தின் அளவில் இல்லை, ஊட்டத்தின் வகையில் இருக்கிறது என்பதே நம் துணிபு. மலைக்கு அப்பால் வேண்டியிராத இரண்டொரு பொருள்கள் மலைக்கு இப்பால் வேண்டியிருக்கின்றன. அங்கே வேண்டியதில் பாதிகூட இங்கே சில வேளை மிகையாகிறது.

இதன் காரணத்தை மண்ணிலிருந்தே தொடங்கிக் காண்போம். திருவனந்தபுரத்துச் செம்மண்ணும், அதற்கு அடியில் கிடக்கும் வெட்டுக்கல்லும் நேயர் நன்கு அறிந்தவை. வெட்டியெடுக்கும்போது கத்திக்கு இணங்கி, வெயிலில் காய்ந்தபின் செங்கல்லாக இறுகும் இக்கல்லுக்கு, ஃபிரான்சிஸ் புக்கானன் என்னும் ஸ்காத்லாந்து மருத்துவர், 1807இல் வெளியான தம் பயண நூலில் ‘லாட்டரைட்’ என்று பெயரிட்டார். செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. அவர் கண்ட இடமாகிய மலப்புறம் மாவட்டத்து அங்காடிப்புரத்தில் இன்றும் அதற்கு ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. உலகின் மண்ணியல் நூல்கள் அனைத்திலும் வழங்கும் பெயர் நம் மலையாளக் கரையில் பிறந்தது என்பது ஒருவகையில் பெருமைதான். தோட்டக்காரருக்கு அது அவ்வளவு நற்செய்தியன்று.

ஏனெனில், வெட்டுக்கல் நிலம் என்பது பல்லாயிரம் ஆண்டு மழையில் கழுவப்பட்ட நிலம். இடவப்பாதி என்று இவ்வூரார் கூறும் தென்மேற்குப் பருவமழையும், துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து இந்நகரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர் பெய்கின்றன. அவ்வளவு நீரும் மண்ணின் வழியே இறங்கும்போது அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு போகிறது. இரும்பும் அலுமினியமும் கரையாமல் தங்குகின்றன. மண்ணுக்குச் சிவப்பு நிறம் வந்தது அந்த இரும்பினால். புளிப்பு, அதாவது அமிலத் தன்மை, வந்தது சுண்ணாம்பு போனதால். அமில கார நிலையை அளக்கும் எண்ணில் 7 என்பது நடுநிலை. ஓர் எண் இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு ஏறியதாகப் பொருள். சூரியகாந்தி விரும்புவது 6 முதல் 7.5 வரை. இந்நாட்டு மேட்டு மண்ணோ பல இடங்களில் 5ஐ ஒட்டி நிற்கிறது. தென்காசிக்குக் கிழக்கே செல்லச் செல்ல மழை குறைகிறது. ஆதலின் அங்கே சுண்ணாம்பு இவ்வளவு கழுவப்படவில்லை. இரு நிலங்களுக்கும் இடையே மலை ஒன்றுதான் நிற்கிறது. ஆயினும் செடியின் வேருக்கு அவை இரண்டு நாடுகள்.

மண் மிகவும் புளித்துவிட்டால் அலுமினியம் கரைந்து வேரைத் தாக்குகிறது. வேரின் நுனி தடித்து, கட்டையாகி, கீழே இறங்க மறுக்கிறது. சூரியகாந்தியோ ஆணிவேரை ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே செலுத்தி, மற்றச் செடிகள் எட்டாத ஆழத்திலிருந்து நீரும் சத்தும் கொண்டுவரும் இயல்புடையது. அதன் பலமே அந்த வேர்தான். வேர் முடங்கிய செடிக்கு மேலே என்ன கொட்டினாலும் உண்ண வழியில்லை. ஆகையால் இவ்வூரில் சூரியகாந்திக்கு இடவேண்டிய முதல் ஊட்டம் உரமன்று, சுண்ணாம்பு. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பாகவும் இருக்கலாம். மெக்னீசியமும் கலந்த டோலமைட்டுத் தூளாக இருப்பின் இன்னும் நன்று. விதைப்பதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னரே, மண்ணில் ஈரம் இருக்கும்போது, சதுர மீட்டருக்கு ஐம்பது அறுபது கிராம் தூவிக் கொத்திவிட வேண்டும். சுண்ணாம்பு நல்லது என்று கேட்டதும் கூடை கூடையாகக் கொட்டுவோரும் உளர். மிகுந்த சுண்ணாம்பு, பின்னர் நாம் பேசவிருக்கும் வேறொரு சத்தைச் செடிக்குக் கிட்டாமல் தடுத்துவிடும்.

நிற்க. உரம் என்று பொதுவாகக் கூறுகின்றவை மூன்று சத்துகளை அடிப்படையாகக் கொண்டவை. இவற்றுக்குத் தமிழில் வழங்கும் பெயர்களைப் போல அழகியவை பிற மொழிகளில் அரியவென்றே நமக்குத் தோன்றுகிறது; மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்க்கு இத்தகைய சொற்கள் வாய்ப்பது எளிதன்று. நைட்ரஜனைத் தழைச்சத்து என்றும், பாஸ்பரத்தை மணிச்சத்து என்றும், பொட்டாசியத்தைச் சாம்பல் சத்து என்றும் கூறுகிறோம். தழைச்சத்து என்ற பெயரே அதன் வேலையைச் சொல்லிவிடுகிறது. அதை மிகுத்தால் தழை மிகும். பூவுக்கென்று வளர்க்கும் செடிக்குத் தழைச்சத்தைக் குவிப்பவர் அச்சொல்லைச் செவியில் வாங்கவில்லை என்றே கூறவேண்டும். மணிச்சத்து என்னும் பெயரை மட்டும் சற்று எச்சரிக்கையுடன் கொள்ள வேண்டும். மணி பிடிக்க அது வேண்டும் என்பது மெய். இரட்டிப்பாக இட்டால் மணி இரட்டிக்கும் என்பது மெய்யன்று.

எவ்வளவு தழைச்சத்து வேண்டும்? தமிழ்நாட்டில் பாசன நிலத்துக் கலப்பினச் சூரியகாந்திக்கு ஹெக்டேருக்குத் தழைச்சத்து 60 கிலோ, மணிச்சத்து 90 கிலோ, சாம்பல் சத்து 60 கிலோ என்று வேளாண்மைத் துறையினர் பரிந்துரைக்கின்றனர். வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர் இடைவெளி. அப்படியானால் ஒரு ஹெக்டேரில் ஏறத்தாழ 55,500 செடிகள் நிற்கும். வகுத்துப் பார்த்தால் ஒரு செடிக்கு வரும் தழைச்சத்து ஒரு கிராமுக்குச் சற்று மேல். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து இருப்பதால், ஒரு செடியின் முழு ஆயுளுக்கும் இரண்டேகால் கிராம் யூரியா, அதாவது அரைத் தேக்கரண்டி, கணக்குக்குப் போதும். வீட்டுத் தோட்டத்தில் செடிகளை விலக்கி நட்டு, பெரிய தலையுடைய இனத்தை வளர்ப்போர் இதை மும்மடங்காக்கினாலும் அது ஒன்றரைத் தேக்கரண்டியே. ஒரு பிடி என்பது எங்கே, இது எங்கே!

மிச்சம் எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். இக்கேள்வி மற்ற ஊர்களைவிட இவ்வூரில் முக்கியமானது. ஏனெனில் கேரளத்தில் தோட்டமுள்ள வீடுகளில் பெரும்பாலும் கிணறும் உண்டு. இரண்டுக்கும் இடையே பத்தடி தூரம்கூட இல்லாத வீடுகள் பல. பத்துச் செடிக்குப் பருவம் முழுவதிலுமாகச் செடிக்கு 20 கிராம் வீதம் 200 கிராம் யூரியா இட்டதாகக் கொள்வோம். அதில் தழைச்சத்து 92 கிராம். செடிகள் தாராளமாக உண்டாலும் 30 கிராம் போதும். எஞ்சிய 62 கிராம் மண்ணில் நைட்ரேட்டாக மாறினால் ஏறத்தாழ 275 கிராம் ஆகும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அந்த எல்லை வரை 6,000 லிட்டர் நீரைக் கெடுப்பதற்கு அந்த 275 கிராம் போதும். முழுவதும் கிணற்றுக்கே போய்ச் சேர்ந்துவிடும் என்று நாம் கூறவில்லை. ஒரு பகுதி ஆவியாகிக் காற்றிலும், ஒரு பகுதி புல் பூண்டுகளிலும் போகும். ஆயினும் வெட்டுக்கல் நிலத்தில் மழைநீர் விரைவாக இறங்குவது கண்கூடு. உரமிட்ட மறுநாள் பெருமழை பெய்தால் இறங்குவது நீர் மட்டுமன்று. புட்டிப்பால் கரைக்க அக்கிணற்று நீரைப் பயன்படுத்தும் வீட்டில், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் குருதியில் உயிர்வளி ஏந்தும் ஆற்றலை நைட்ரேட் குறைத்துவிடக் கூடும். நைட்ரேட் காய்ச்சினால் போவதன்று; நீர் வற்ற வற்ற மேலும் செறிவதே அதன் இயல்பு. ஒரு பூச்செடிக்காக ஏற்கத் தக்க துன்பமன்று அது.

வெள்ளை உரத்தின் மீது இந்நாட்டார்க்கு உண்டான மதிப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றுபோய்த் திருவிதாங்கூர் பசியால் வாடியபோது, திவான் சர் சி. பி. இராமசுவாமி ஐயரின் ஊக்கத்தாலும், திருச்சிராப்பள்ளி சேஷசாயி சகோதரர்களின் முயற்சியாலும் 1943இல் ‘ஃபாக்ட்’ எனப்படும் உர நிறுவனம் தோன்றியது. ஆலுவாவை அடுத்த ஏலூரில் 1947இல் அம்மோனியம் சல்பேட் உற்பத்தி தொடங்கியது. நிலக்கரி இல்லாத நாட்டில் அம்மோனியா செய்வதற்கு அவர்கள் காட்டு விறகை எரித்து வாயு எடுத்தனர் என்பது இன்று நினைத்தாலும் வியப்பளிப்பது. நெல் விளைச்சலுக்கு அந்த உரம் செய்த உதவியை யாரும் மறுப்பதற்கில்லை. ஆனால் அம்மோனியம் வகை உரங்கள் மண்ணில் நைட்ரேட்டாக மாறும்போது புளிப்பை விட்டுச் செல்கின்றன. ஏற்கெனவே புளித்த முற்றத்து மண்ணில் ஆண்டுதோறும் அவற்றையே இட்டு வந்தால், சுண்ணாம்பையும் உடன் இட்டாலொழிய, மண்ணின் நிலை கீழே போய்க்கொண்டேயிருக்கும்.

வீட்டுச் செடிக்கு எளிதும் ஏற்றதும் மட்கிய எருவும் பிண்ணாக்கும் என்பது நம் கருத்து. கடலைப் பிண்ணாக்கில் நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பங்கு தழைச்சத்து உண்டு. ஆகவே 50 கிராம் பிண்ணாக்கு ஒரு பெரிய செடியின் தேவையை நிறைவேற்றிவிடும். அதையும் நுண்ணுயிர்கள் சிதைத்துச் சிதைத்துச் சிறிது சிறிதாகவே வெளிவிடுவதால் மழை ஒரேயடியாகக் கொண்டுபோவதில்லை. பிண்ணாக்கை நீரில் ஊறவைத்துப் புளிக்கவிட்டுப் பத்து மடங்கு நீர் கலந்து ஊற்றுவோரும் உண்டு. நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளும் அண்டை வீட்டார் வாய்த்தால் அதுவும் நல்ல முறையே. வேப்பம் பிண்ணாக்கு மண்ணிலுள்ள நூற்புழுக்களையும் ஒருவாறு அடக்குகிறது.

சாம்பல் சத்துக்குக் கடைக்குப் போகவேண்டியதில்லை. தென்னை மட்டையும் தேங்காய்த் தொண்டும் எரிந்த சாம்பலில் அது மிகுதி. அதனோடு சுண்ணாம்புச் சத்தும் இருப்பதால் புளிப்பையும் சிறிது தணிக்கும். ஒன்றை மட்டும் மறக்கலாகாது. சாம்பலையும் சாணத்தையும், அல்லது சாம்பலையும் யூரியாவையும் ஒரே வேளையில் கலந்து இடுவது வீண் செலவு. சாம்பலின் காரம் பட்டதும் தழைச்சத்து அம்மோனியாவாகிக் காற்றோடு போய்விடுகிறது. இரண்டுக்கும் ஒரு வார இடைவெளியாவது வேண்டும்.

மணிச்சத்தைப் பற்றி ஒரு செய்தி பலருக்குப் புதிதாக இருக்கலாம். கேரள மாநிலத் திட்டக் குழு, பல ஆராய்ச்சி நிலையங்களின் துணையுடன் மாநிலமெங்கும் மண்ணை ஆராய்ந்து, முடிவுகளை 2013இல் நூலாக வெளியிட்டது. மண் பெரும்பாலும் புளிப்பாக இருப்பதையும், மெக்னீசியமும் போரானும் பரவலாகக் குறைந்திருப்பதையும் கண்டதோடு, மணிச்சத்து பல இடங்களில் தேவைக்கு மேல் தேங்கிக் கிடப்பதையும் அவ்வாராய்ச்சி காட்டியது. ஆண்டுக்கணக்கில் எலும்புத் தூளும் கலப்பு உரமும் இட்டுவந்த தோட்டங்களில் இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஆகவே ஹெக்டேருக்குத் 90 கிலோ என்ற அளவை இங்கே அப்படியே பின்பற்ற வேண்டுவதில்லை. புதிதாகத் திருத்திய நிலமாயின் குழிக்கு ஒரு சிறு கையளவு எலும்புத் தூள் இடலாம். புளிப்பு மண்ணில் அது நன்கு கரையும். பழைய தோட்டமாயின் விட்டுவிடலாம்.

இனி, நாம் மேலே குறிப்பிட்டுவிட்டு வந்த அந்தச் சத்தைக் காண்போம். அதுதான் போரான். இஃது ஓர் இன்றியமையாத சத்து என்பது மிகப் பிந்தியே தெரிய வந்தது. இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் காதரீன் வாரிங்டன் என்ற பெண்மணி ஒருவகை அவரைச் செடியை வைத்துச் சோதனை செய்து, போரான் அற்ற நீரில் அச்செடி வாழாது என்பதை 1923இல் மெய்ப்பித்தார். செடிக்கு வேண்டிய அளவு மிக மிகச் சிறிது. ஆனால் அந்தச் சிறிதும் இல்லையெனில் உயிரணுக்களின் சுவர் ஒன்றோடொன்று இறுகப் பிணைவதில்லை. மகரந்தம் முளைத்துச் சூலை அடைவதில்லை. மகரந்தம் சூலை அடையாத இடத்தில் விதை எங்ஙனம் பிடிக்கும்? சூரியகாந்தியோ போரான் குறைவைச் சற்றும் பொறுக்காத பயிர்களுள் ஒன்று. மண்ணில் போரான் உண்டா என்று கண்டறிய இச்செடியையே அளவுகோலாக வளர்த்துப் பார்த்த ஆராய்ச்சியாளர்களும் உண்டு.

மழை மிகுந்த நாட்டில் போரான் ஏன் குறைகிறது என்பதும் அறியத்தக்கது. சுண்ணாம்பு, மெக்னீசியம், பொட்டாசியம் போன்றவை மின்னேற்றம் உடையவையாதலின் களிமண் துகள்கள் அவற்றை ஓரளவாவது பற்றிக்கொள்கின்றன. போரானோ மண்நீரில் மின்னேற்றமில்லாத போரிக் அமிலமாக இருக்கிறது. பிடித்து வைப்பாரில்லாத அது நீர் போகும் வழியெல்லாம் போய்விடுகிறது. மண்ணில் மட்கு மிகுந்திருந்தால் சிறிது தங்கும். எருவிடுவதன் பயன்களுள் இதுவும் ஒன்று. சுண்ணாம்பை அளவுக்கு மீறி இட்டால் போரான் மண்ணிலேயே சிக்கிக்கொள்கிறது; கூடை கூடையாகக் கொட்டலாகாது என்று நாம் தடுத்ததன் காரணம் இதுதான்.

குறைவின் அடையாளம் செடியின் உச்சியிலேயே தெரியும். சூரியகாந்திச் செடி தன் முதிய இலையிலுள்ள போரானை எடுத்து இளந்தளிருக்குக் கொடுக்க வல்லதன்று. ஆதலால் கீழிலைகள் பசுமையாக இருக்க, மேலிலைகள் தடித்து, நொறுங்கும் தன்மை பெற்று, அடிப்பக்கத்தில் செம்பு நிறமாகின்றன. மொட்டு கோணுகிறது. கழுத்துத் தண்டில் குறுக்காக வெடிப்பு விழுந்து, காற்றடித்தால் தலை முறிகிறது. இவற்றைக் கண்டுதான் நம் வீட்டுக்காரர் மேலும் யூரியா இட்டார்! செடியின் வளர்ச்சியை முடிவு செய்வது மிகுதியாக உள்ள சத்தன்று. எல்லாவற்றினும் குறைவாக உள்ள சத்தே என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்பிரெங்கலும் லீபிக்கும் கூறியதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

மருந்து எளிது; பழையதுங்கூட. பொற்கொல்லர் பொன்னைப் பற்றவைக்கப் பயன்படுத்தும் வெங்காரம்தான் போராக்ஸ். அதில் நூற்றுக்குப் பதினொரு பங்கு போரான் உண்டு. சாலைக் கடைத்தெருவில் நாட்டு மருந்துச் சரக்கு விற்கும் கடைகளிலும், உரக்கடைகளிலும் கிடைக்கும். அளவில்தான் முழு விழிப்பு வேண்டும். விதைப்பதற்கு முன் சதுர மீட்டருக்கு ஒரே ஒரு கிராம். ஓராண்டுக்கு அதுவே போதும். ஒரு கிராமைப் பரவலாகத் தூவுவது எவ்வாறு என்று நேயர் வினவலாம். பத்துச் சதுர மீட்டருக்கு வேண்டிய பத்துக் கிராமைப் பொடித்து, ஒரு வாளி உலர்ந்த மணலில் நன்றாகப் பிசறி, அம்மணலைத் தூவினால் சரியாகப் பரவும். பின்னர், மொட்டு விரிந்து மஞ்சள் இதழ்கள் தலைகாட்டும் பருவத்தில், லிட்டருக்கு இரண்டு கிராம் வீதம் வெங்காரத்தைச் சிறிது வெந்நீரில் கரைத்து, ஆறிய நீர் சேர்த்துப் பூத்தலை நனையத் தெளிக்க வேண்டும். மாலைப் பொழுதே இதற்கு ஏற்றது; தேனீக்கள் வந்துபோன பின் தெளிப்பதே முறை. போரானைப் பொறுத்தவரை போதுமான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறுகியது. ஒரு கிராம் நல்லதானால் ஐந்து கிராம் ஐந்து மடங்கு நல்லது என்று எண்ணுபவர் இலை விளிம்புகள் கருகிச் செடி மடிவதைக் காண்பார். எஞ்சிய வெங்காரத்தைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

காலத்தையும் சிறிது கூறவேண்டும். தென்காசியில் ஆடியில் மலர்கிறது என்று இங்கும் அதே காலத்தில் மலரும்படி விதைத்தால், இடவப்பாதி மழையில் வேரழுகலும் உரமிழப்பும்தான் மிஞ்சும். துலாவர்ஷம் ஓய்ந்து, மார்கழி பிறக்கும் வேளை இவ்வூருக்கு ஏற்றது. கார்த்திகையில், மண்ணின் ஈரம் வற்றுமுன் சுண்ணாம்பு. அதன்பின் ஒன்றரை அடி ஆழத்துக்கு மண்ணை நெகிழ்த்திக் குழிக்கு ஒரு கிலோ மட்கிய சாணமும், ஒரு சிறு கையளவு வேப்பம் பிண்ணாக்கும், மேலே கூறிய வெங்கார மணலும். மார்கழியில் விதை; நாற்றாகப் பிடுங்கி நட்டால் ஆணிவேர் அறுந்துவிடும், ஆதலின் நேரே ஊன்றுவதே நன்று. மூன்றாம் வாரத்தில் ஒரு முறையும், மொட்டுக் கட்டத் தொடங்கும் ஆறாம் வாரத்தில் ஒரு முறையும் பிண்ணாக்கு நீர். இரண்டாம் முறைக்கு ஒரு வாரம் கழித்துச் சாம்பல். மொட்டு ஒரு பழைய வெள்ளி ரூபாய் அளவு பெருத்தபின் தழைச்சத்து எவ்வடிவிலும் வேண்டாம். மாசியில் பூ, பங்குனியில் விதை முற்றும். அவ்விரு மாதத்து வெயிலில் நீர் தவறாமல் ஊற்ற வேண்டும். காய்ந்த மண்ணிலிருந்து எச்சத்தையும் வேர் எடுக்க இயலாது. பலா மரத்து நிழலிலும் தென்னைகளுக்கு நடுவிலும் வைத்துவிட்டு உரத்தால் ஈடுசெய்யலாம் என்று நினைப்பது பயனற்றது; நாள்தோறும் ஆறு மணி நேரமாவது நேர்வெயில் படாத இடத்தில் இச்செடியை வைக்காதிருப்பதே செலவைக் குறைக்கும் வழி.

மொட்டை மாடியில் பைகளில் வளர்ப்பவர்க்குக் கணக்கு சற்று மாறும். தேங்காய் நார்த்துகளும் சாணமும் மண்ணும் சமமாகக் கலந்த பையில் புளிப்பு அவ்வளவு இராது; ஆனால் ஒவ்வொரு முறை நீர் ஊற்றும்போதும் சத்து அடியிலுள்ள துளை வழியே வெளியேறும். அங்கே பத்து நாளுக்கு ஒரு முறை மிக நீர்த்த பிண்ணாக்கு நீர் தருவது பொருந்தும். நார்த்துகளை வாங்கியதும் இரண்டு மூன்று நீரில் கழுவி உப்பைப் போக்கிக்கொள்ள வேண்டும். ஆறடி வளரும் இனத்தைப் பையில் வைத்துத் துன்பப்படுவதைவிடக் குட்டையான பூவினத்தைத் தேர்வது அறிவுடைமை.

விதையைப் பற்றியும் ஒரு சொல். தென்காசி வயல்களில் இன்று பயிராவது பெரும்பாலும் கலப்பினம். அதன் விதையை ஊன்றினால் பிறக்கும் செடிகள் தாயைப்போல் ஒரு சீராக இரா. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்றில் பல தலை. இதற்கு உரத்தைக் குறை கூறிப் பயனில்லை. வட அமெரிக்காவின் பழங்குடிகள் வளர்த்த செடி, ஸ்பானியர் வழியாக ஐரோப்பா சென்று, ருஷ்யாவில் புஸ்தவோய்த் என்ற அறிஞரின் கையில் எண்ணெய் வித்தாக உருமாறி, 1969இல் அந்நாட்டிலிருந்து வந்த விதைகளால் இந்திய வயல்களில் பரவியது. பங்களூரில் உருவான முதல் இந்தியக் கலப்பினம் 1980இல் வெளிவந்தது. இன்று நம் சமையலறைக்கு வரும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பங்கு கருங்கடல் நாடுகளிலிருந்து கப்பலில் வருவதே. ஆதலின் முற்றத்திலோ மாடியிலோ வளர்ப்பவர் எண்ணெயை எண்ணாமல், பூவுக்கென்றே விற்கும் விதைப் பொட்டலத்தை வாங்குவது மேல்.

இத்தனையையும் ஊகத்தால் செய்யாமல், மண்ணை ஆராய்ந்து செய்வதே சிறந்தது. 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் அமில கார நிலையும் போரானும் உட்படப் பன்னிரண்டு கூறுகள் அளக்கப்படுகின்றன. 1987 முதல் கேரளத்தில் இயங்கிவரும் கிருஷி பவன்களில் மாதிரி எடுக்கும் முறையை விளக்குவார்கள். தோட்டத்தில் ஐந்தாறு இடங்களில் ஒரு சாண் ஆழத்துக்கு மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ கொடுத்தால் போதும். அண்மையில் உரமோ சுண்ணாம்போ இட்ட மண்ணைக் கொடுத்தால் முடிவு பிழைபடும். போரான் போதும் என்று அட்டையில் வந்தால் வெங்காரத்தைத் தொடவே வேண்டாம்.

பூ முற்றியபின் பூத்தலையின் பின்புறம் மஞ்சளித்துப் பழுப்பாகும்போது அறுத்துக்கொள்ளலாம். கிளிக்கும் அணிலுக்கும் எஞ்சியது நமக்கு. தண்டை மட்டும் தெருவில் எறிந்துவிடலாகாது. செடி மண்ணிலிருந்து எடுத்த சாம்பல் சத்தில் விதைக்குப் போவது சிறு பகுதியே. பெரும்பகுதி தண்டிலும் இலையிலும் பூத்தட்டிலும் தங்கியிருக்கிறது. அவற்றைச் சிறு துண்டுகளாக நறுக்கி எருக்குழியில் இட்டு, மேலே ஒரு கூடை மண் போட்டு மூடி வைத்தால், அடுத்த மார்கழிக்கு அக்குழியின் எரு பயன்படத் தயாராக இருக்கும்.